நீர்வழியில் நான் அடித்த முளைகள்

அந்தப் பிள்ளை செத்தது என்னால். மழையாலல்ல, குளத்தாலல்ல, பெற்றவனாலுமல்ல. என்னால்!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் அக்கராயனுக்கு வந்திருந்தோம். எங்களைப் போன்றவர்களுக்குக் காட்டோரம் ஒரு புதுக் கிராமம் அமைக்க, வீடுகளுக்குப் படம் கீறும் ஐயா ஒருவர் வந்தார். அவருக்கு அளவு நாடா பிடித்தேன், வீட்டு மூலைகளைக் குறிக்கும் முளைக்குச்சிகளை அடித்தேன்.

"முதல்ல தண்ணி போற வழியைப் பாக்கவேணும். பிறகு மரம். கடைசியாத்தான் வீடு," என்பார். ஒரு பாலை மரத்தையும் வெட்ட விடவில்லை. அந்த மண்ணிலேயே சுவர், தென்னங்கிடுகுக் கூரை, ஐந்து வீட்டுக்கு நடுவே ஒரு முற்றம், ஒரு கிணறு. குளம் நிரம்பி வான்பாயும்போது தண்ணீர் ஓட ஓர் அகலமான பள்ளத்தை வெறுமையாகவே விட்டார்.

ஐந்தாவது வீடு, மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராமையாவுக்கு. நான் கட்டவிருந்த பெண்ணின் தாய்க்கு அது பொறுக்கவில்லை.

"உவையும் நாங்களும் ஒரு கிணத்திலயோ அள்ளுறது? முளையை அங்கால பள்ளத்துக்குள்ள தள்ளி அடியும். இல்லாட்டி என்ர மகளை மறந்திடும்."

"மாமி, அது தண்ணி ஓடுற இடம்..."

"ஓடினதை நீர் கண்டனீரோ? பயந்தாங்கொள்ளி!"

பயந்தாங்கொள்ளிதான். எதற்கெல்லாம் பயந்திருக்கிறேன்! பயப்பட வேண்டியதற்குப் பயந்தேனா...? ஐயா வேறு ஊர் அளக்கப் போனதும், நான்கு முளைகளையும் பிடுங்கிப் பள்ளத்துக்குள் அடித்தேன். மறுநாள் காணி பார்க்க வந்த இராமையா, "நல்ல ஈர மண்ணு தம்பி, தென்னை சும்மா எழும்பி வரும்," என்று சிரித்தார். வீட்டைக் கட்டினார்.

மாரி வந்தது. குளம் வான்பாய்ந்தது. ஊறிய மண்சுவர் சரிந்தது. உள்ளே அவருடைய மகள் செல்வி. ஆறு வயது.

ஐயா ஓடிவந்து படத்தை விரித்தார். "இந்த வீடு எப்பிடி இங்க வந்தது?"

"அவையாத்தான் மாறிக் கட்டினவை, ஐயா."

அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது? சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கிறவன் நான்... அன்று நாக்குக்கூட இடறவில்லை! ஐயா படத்தைச் சுருட்டினார்.

இராமையா சண்டைக்கு வரவில்லை. சேறு காயாத கையோடு என் முன்னே நின்றார்.

"தம்பி, நீங்க ஐயாவோட நின்னு அளந்தவங்க. மொளை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

கை நீட்டிக் கிணற்றடியைக் காட்டினேன்.

அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்," என்றார். போய் அதையே மனைவியிடமும் சொன்னார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை.

மாமியின் மகளைக் கட்டினேன். மூன்று மாரி போய்விட்டது. இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். சொன்னதால் என்ன குறைந்தது...? ஒன்றுமில்லை.

காலையில் வயலுக்குப் போகையில் இராமையா எதிரே வருவார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து வரம்போரம் ஒதுங்குவார். வெட்கப்பட்டு... என்னிடம்!