பைஃபோகல் என்றொரு பாடம்

கேம்ப் கடைத்தெருவில் மகளின் மொபைலை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தோம். கடைக்காரர் சால்டரிங் அயர்னை வைத்ததும் புகை எழுந்தது. ஈயம் உருகும் அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். மகளோ கண் கொட்டாமல் பார்த்தாள். பத்தாவது ரிசல்ட் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "அம்மா, எனக்கு இதுதான் படிக்கணும். மத்லப், ப்ராப்பரா" என்றாள், தன் ஹிந்தி கலந்த தமிழில். டிப்ளமோ சேர்கிறாயா என்று கேட்டேன். "ட்வெல்த்தும் வேணும், இதுவும் வேணும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பின்னால் போய் விழுந்தேன். நானும் அன்று இதையேதான் சொன்னேன்.

எனக்கு அந்த வாசனையைப் பழக்கியவர் அப்பா. ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கம்பக்கத்து ரேடியோ, இஸ்திரிப்பெட்டி எல்லாம் எங்கள் வீட்டுத் தரையில் குடல் சரிந்து கிடக்கும். "வயரைப் புடிம்மா, கை ஆடாம" என்பார். நானே தனியாக இரண்டு ரேடியோவைப் பேச வைத்திருக்கிறேன். ஒன்று மராத்தி மட்டும்தான் பேசியது, அது வேறு விஷயம்.

ஆகவே பதினொன்றாவது சயின்ஸில் எலெக்ட்ரானிக்ஸ் பைஃபோகல் எடுப்பேன் என்றேன். உங்களுக்கு இந்த மகாராஷ்டிரக் கூத்து தெரிந்திருக்காது. இங்கே பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் காலேஜில்தான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு எல்லாம் உண்டு. பயாலஜிக்கும் இரண்டாவது மொழிக்கும் பதிலாக ஒரு தொழிற்பாடம். அப்பாவுக்குத் தெரிந்த பைஃபோகல் அவர் மூக்கின் மேல் இருந்த கண்ணாடி ஒன்றுதான். "கண்ணு தெரியலைன்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று பதறி, மறுநாளே லீவு போட்டுக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். போர்டில் இருந்த கடைசி வரியையும் படித்துக் காட்டினேன். டாக்டர் அப்பாவைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

விஷயம் புரிந்ததும் பதற்றம் கோபமானது.

"நான் ஸ்பேனர் புடிச்சது பத்தாதா? நீயும் ஸ்க்ரூடிரைவர் புடிக்கணுமா?"

"பிசிக்ஸும் இருக்குப்பா."

"பயாலஜி இல்லையே!"

மாடி வீட்டு பேங்க் மாமா வேறு இறங்கி வந்து, "பயாலஜியை விட்டா டாக்டர் கதவு பந்த்" என்று அடித்துச் சொன்னார். டாக்டராகப் போகிறேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அசையவில்லை. வாரக்கணக்கில் அவரோடு பேசாமல் இருந்ததுதான் மிச்சம்.

பயாலஜி எடுத்தேன். கரப்பான்பூச்சியை அறுக்கச் சொன்ன அன்று மயங்கி விழுந்தேன். இப்போது ஹடப்சரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஊராருடைய ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன். டாக்டர் கனவு அந்த மட்டில் பலித்தது.

அதனால் மகள் கேட்டதும் சரி என்றேன். வீட்டுக்காரரும் சரி என்றார். அப்பாவோ, "அது ஆசப்படறதையே எடுக்கட்டும்மா. பசங்க மனசை நோகடிக்கக் கூடாது" என்றார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை அன்றைக்குச் சொல்வதற்கு என்ன கேடு?

நான் படித்த காலேஜுக்கே போய் விசாரித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தபடி மராத்தியில் சொன்னாள்: "பைஃபோகலா? மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு மேடம். பசங்க காலேஜுக்கு எங்க வர்றாங்க? கோச்சிங் கிளாஸ்ல படிச்சுட்டு, பரீட்சைக்கு மட்டும் இங்க வருவாங்க." எலெக்ட்ரானிக்ஸ் லேப்பை எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். இன்னும் இரண்டு காலேஜில் கேட்டேன். அங்கேயும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "டீக் ஹை, அப்ப சாதா சயின்ஸே எடுத்துக்கறேன்" என்றாள் மகள். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கோபப்பட எனக்கு ஒரு அப்பாவாவது இருந்தார். இவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?