முன்சீட்டின் சூடு

அந்தப் பழைய வேனின் முன்சீட்டில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்று எப்போதும் மடித்துக் கிடக்கும். அதை எடுத்துவிட்டு உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். எஞ்சின் சீட்டுக்கு அடியிலேயே இருந்ததால், பெர்மாஸ் ஜெயாவில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அந்த இடம் தோசைக்கல் மாதிரி சூடாகிவிடும். மலேசியாவின் ஜொகூர் வெயிலில் அந்த இடத்துக்கு யார் போட்டி போடுவார்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் போட்டோம்.

தொழிற்சாலைக்கு அந்த வேனில் போன ஏழு பேரும் பெண்கள். மாதவிலக்கு வலி வந்தவள் முன்னால் உட்காருவாள். யாரும் கூடிப் பேசி வைத்த சட்டமில்லை, எப்படியோ வழக்கமாகிவிட்டது. "இன்னைக்கு எனக்கு முன்சீட்டுடி" என்றால் போதும், மற்றவள் ஒதுங்கிவிடுவாள். வேன் ஓட்டிய அண்ணனுக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது என்று நினைத்திருந்தோம். "பின்னாடி உக்காந்தா தலை சுத்துதுண்ணே" என்று ஆளுக்கொரு பொய் சொல்வோம். அவரும் "உக்காரு தங்கச்சி" என்று துண்டைச் சரிசெய்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார். அன்றைக்கெல்லாம் வேகத்தடையில் வேன் எறும்பு மாதிரி ஊரும். ஸ்பிரிங் போய்விடும் என்று பயந்து மெதுவாக ஓட்டுகிறார் என்று எங்களுக்குள் கிண்டலடித்துக்கொள்வோம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர், முன்சீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்கு வந்த வலி லேசுப்பட்டதில்லை. வாந்தி வரும், கால் துவண்டு போகும். மாதாமாதம் டாக்டரிடம் எம்.சி. வாங்கி லீவு எடுத்ததில் சூப்பர்வைசருக்கு அலுத்துவிட்டது. இன்னொரு எம்.சி. கொண்டுவந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்தச் சூட்டில் இடுப்பைச் சாய்த்து அரை மணி நேரம் கிடந்தால்தான் இறங்கி நிற்கவே தெம்பு வரும். சிரிக்காதீர்கள், என் வேலையைக் காப்பாற்றியது அந்த ஓட்டை வேன்தான்.

ஓட்டை வேன் ஒருநாள் வண்டிச் சோதனையில் தேறாமல் போனது. சீனாவில் செய்த மினிவேன் ஒன்று வாங்குவதாக அண்ணன் முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எங்களையும் கடைக்கு அழைத்துப் போனார். "உக்காரப் போறது நீங்கதானே, வந்து பாத்துச் சொல்லுங்கலா" என்றார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வேன்கள் நின்றன. ஒன்று பெட்ரோல், மற்றது மின்சாரம். மின்சார வேனில் சீட்டுக்கு அடியில் எஞ்சினே கிடையாது, சூடே ஏறாது என்று விற்பனைக்காரப் பையன் பெருமையாகச் சொன்னான். எங்கள் கூட்டம் கைதட்டாத குறைதான். மற்றவர்களுக்கு முன்சீட்டு ஒரு வசதி, எனக்கு அதுதான் பிழைப்பு. அதை ஓர் ஆண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

அண்ணன் என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

"உங்க இஷ்டம்ணே" என்றேன்.

இரண்டு வேன்களையும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். பெட்ரோல் வேனிலிருந்து இறங்கியதும் முன்சீட்டில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

"அலமாக்! நாங்க வெந்து சாகணுமாண்ணே?" என்று ஒருத்தி அலறினாள்.

"கரண்டு வண்டின்னா எனக்குப் பயம்லா. மழையில ஷாக் அடிச்சா யாரு பாக்குறது?"

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வானம் இருட்டினால் போதும், "அண்ணே, கரண்டு கம்பம் பக்கத்துல நிக்குது, பாத்து ஓட்டுங்க" என்று யாராவது ஆரம்பிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் தப்பித்தேன் என்று மனத்துக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். அவருடைய பயம் எனக்கு அடித்த அதிர்ஷ்டம் என்றே நம்பினேன்.

இப்போது எனக்கு அந்த வலி இல்லை, ஆபரேஷனோடு போய்விட்டது. அண்ணனுக்கு முட்டி போய்விட்டது. பெட்ரோல் வேனைப் பொந்தியானில் ஒரு மீன் வியாபாரிக்கு விற்றுவிட்டு, அவருடைய மகள் மின்சார வேன் வாங்கி எங்களை ஏற்றிப் போகிறாள். முதல் நாள் காலையில் ஏறப் போனால், முன்சீட்டில் அதே பச்சைக் கட்டத் துண்டு.

"என்னம்மா, அப்பாவுக்குக் கரண்டு பயம் தெளிஞ்சிருச்சா?" என்று சீண்டினேன்.

"அப்பாவுக்கா பயம்? வேன் ஓட்ட வர்றதுக்கு முன்னாடி அவரு ஒயரிங் வேலைதானே பாத்தாரு!" என்றாள். துண்டைத் தூக்கிக் காட்டினாள். அடியில் மெல்லிய மெத்தை ஒன்று இருந்தது. அதிலிருந்து ஓர் ஒயர் டாஷ்போர்டுக்குப் போயிற்று. "சூடாகுற மெத்தை. இதை மாட்டிட்டுத்தான் சாவியவே குடுத்தாரு. காலையில மொத வேலையா இதப் போட்டுரு, யாரு உக்காந்தாலும் ஏன்னு கேக்காதேன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷர் இத்தனை நாளும் கோழைப் பட்டம் சுமந்திருக்கிறார். துண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. அன்று எனக்கு அது தேவைப்படவில்லை. துண்டைச் சரிசெய்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.