உங்கள் வீட்டுக் குப்பையைக் காட்டுங்கள்

பிறத்தியார் வீட்டுக் குப்பையைப் பார்ப்பதற்காகக் குளித்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு காலையில் கிளம்புகிற தொழில் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பரப்புரையாளர் என்பது எங்கள் பதவியின் பெயர். தேர்தல் நேரத்தில் இதைச் சொன்னால் எந்தக் கட்சிக்கு என்று கேட்பார்கள். தென்காசித் தெருக்களில் குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்து, வீடு வீடாகப் படியேறி, மக்குகிற குப்பையைத் தனியாகவும் மக்காத குப்பையைத் தனியாகவும் தரும்படி கேட்டுக்கொள்வதுதான் வேலை. பேட்டரி வண்டியை ஓட்டுகிறவர் பேச்சியக்கா. ஓட்டுவது, குப்பையை வாங்குவது, பிரிக்காத குப்பை என்றால் வாங்க மாட்டேன் என்று சண்டை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தச் சண்டையைச் சமாதானம் செய்வது என் பொறுப்பு. தெருக்காரர்கள் என்னை ‘குப்பை டீச்சர்’ என்பார்கள். பேச்சியக்கா மரியாதை கருதி முதல் பாதியை விட்டுவிட்டு ‘டீச்சர்’ என்பார்.

கணக்கெடுப்புக்கு அலைந்த ஆசிரியர்களே, பாலிசி விற்கப் போனவர்களே, வாக்காளர் பட்டியலோடு வெயிலில் நின்ற அங்கன்வாடி அக்காமார்களே, ‘அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லு’ என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரலே வருவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? உங்களை நம்பித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பச்சை வாளி, நீல வாளி

தொடக்கத்தில் வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தோம். காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் பச்சையில். பிளாஸ்டிக், காகிதம் எல்லாம் நீலத்தில். கொடுத்த கையோடு அரை மணி நேரம் விளக்கமும் சொன்னேன். கோமதியக்கா என்று ஒருவர் என் பேச்சைத் தலையாட்டிக் கேட்டதோடு, பக்கத்து வீட்டுக்காரிக்கும் திருப்பிச் சொன்னார். இந்தத் தெரு தேறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துப் பார்த்தால் அதே கோமதியக்கா எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் கட்டி வண்டியில் வைக்கிறார். வாளி எங்கே என்று கேட்டேன். முகம் மலர்ந்து அடுப்படிக்கே கூட்டிப்போனார். இரண்டும் துடைத்த துடைப்பில் பளபளவென்று அலமாரியில் இருந்தன. இவ்வளவு நல்ல மூடி போட்ட வாளியில் யாராவது குப்பையைப் போடுவார்களா என்று என்னையே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு மூடியையும் திறந்து காட்டினார். “பிரிச்சு வைக்கணும்னு நீங்கதான டீச்சர் சொன்னிய. பாருங்க, பச்சையில புளி, நீலத்துல வத்தல். ஒண்ணோட ஒண்ணு சேர விடல.”

கொடியில் காய்ந்தவை

பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் மறுசுழற்சிக்கு நல்லது என்று பொதுவாக எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வருவேன். யாரும் செய்ய மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்வதுதான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு அண்ணாச்சி மட்டும் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மறுவாரம் அவர் வீட்டு மாடியில் கவர்கள் எல்லாம் கழுவி, விரித்து, கிளிப் மாட்டி, அணிவகுப்பு போல வரிசையாகத் தொங்கின. காற்றில் ஒன்று பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் சிக்கியபோது தொரட்டியோடு போய் அதை மீட்டுக்கொண்டு வந்தார். ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடம் தேடி நின்ற அவர் மனைவி, என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். “எல்லையில காவல் நின்ன மனுசன் டீச்சர். நீங்க சொன்னாலும் சொன்னிய, இப்ப பால் கவருக்குக் காவல் நிக்காவ.”

சட்டத்தில் இல்லாத நுரை

சீசன் வந்து சாரல் விழத் தொடங்கினால் எங்களில் சிலரைக் குற்றாலத்துக்கு அனுப்புவார்கள். அருவிக்குப் போகிற வழியில் நின்று, சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். மூடாத கூடையைக் குரங்கு கவிழ்க்கும் என்பதால் அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். சிலர் வேட்டி மடிப்பிலும், குழந்தையின் தொப்பிக்குள்ளும் ஒளித்துக் கொண்டுபோவார்கள்.

ராஜபாளையம் பக்கமிருந்து வேன் பிடித்து ஒரு பெரிய குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கேட்பதற்கு முன்பே எல்லோருடைய சோப்பையும் சேகரித்து என் கூடையில் போட்டார். இப்படி நாலு பேர் இருந்தால் அருவி தானாகச் சுத்தமாகிவிடும் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் அவரைப் புகழ்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெண்கள் குளிக்கிற பக்கமிருந்து நுரை வழிந்து வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அந்த அம்மாதான் தலைமுடி முழுக்க வெள்ளை நுரையோடு அருவியில் நிற்கிறார். கையில் ஒன்றும் இல்லை. விடுதியிலேயே ஷாம்புவைத் தேய்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வெளியே வந்ததும் இது நியாயமா என்று கேட்டேன். முடியைப் பிழிந்துகொண்டே நிதானமாகப் பதில் சொன்னார். “கொண்டுட்டு வரக் கூடாதுன்னுதாம்மா போர்டுல போட்டிருக்கு. தேச்சுட்டு வரக் கூடாதுன்னு போடலையே.”

ஊசி

எல்லா நாளும் இப்படிச் சிரித்துக்கொண்டு போகாது. ஒருநாள் காலை, கட்டிப்போட்ட கவர் ஒன்றின் முடிச்சு அவிழவில்லை என்று பேச்சியக்கா கையுறையைக் கழற்றிவிட்டுப் பிரித்தார். உள்ளேயிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. இன்சுலின் போடுகிற ஊசி. வண்டியை ஓரமாக நிறுத்தி, கையை உதறி, அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஊசி யாருடையது என்று தெரிந்தால் அவருக்குத் தொற்று ஏதும் உண்டா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பும் வழியில் பேச்சியக்கா, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஊரில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? ஆனால் அன்றைக்கு மட்டும் எந்த வீட்டிலும் யாருக்கும் சர்க்கரை இல்லை. காபியில் போடுவதற்குக் கூட இல்லை என்பது போலப் பேசினார்கள். சாயங்காலம் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் வண்டி நிற்கிற கொட்டகைக்கு நடந்தே வந்தார். நான் கேட்டுப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து இல்லையென்று தலையாட்டியவர்தான். ஊசி தன் மனைவிக்குப் போடுவது, கவரில் சுற்றிப் போட்டது தான்தான் என்று நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

மறுநாள் மனைவியை ஆட்டோவில் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து அவருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். முடிவு வரும்வரை தினமும் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்தது. சில மாதம் கழித்துப் பேச்சியக்காவுக்கு மறுபடி பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. இப்போது அந்தத் தெரு முழுக்க அந்த சப்-இன்ஸ்பெக்டரே ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் சேகரித்து, மூடி, மேலே எழுதி ஒட்டித் தருகிறார். அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சியக்கா சொல்வது இதுதான். “ஊசி குத்துனது என் கையில. காய்ச்சல் வந்தது சப்-இன்ஸ்பெக்டருக்குல்லா.”

பந்தியில் ஒரு வழக்கு

ஆய்க்குடியிலிருந்து வந்து தென்காசியில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மண்டபத்துக் குப்பையில் பாதி தண்ணீர் பாட்டில்தான் என்று ஆரம்பித்து, எவர்சில்வர் டம்ளர் வையுங்கள் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். கல்யாணத்தன்று இலைக்கு ஒரு டம்ளர், வரிசைக்கு ஒருவர் செம்போடு. பார்க்கவே நன்றாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் குடியேறியவர்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்து, இலையைப் பார்த்து, டம்ளரைப் பார்த்து, பாட்டில் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. ஒரு பாட்டில் தண்ணீருக்குக்கூட வழியில்லாத இடத்திலா பெண் எடுத்திருக்கிறோம் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அது பந்தி முழுக்கக் கேட்டது. அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. கடைக்கு ஆளை விரட்டப் போனார். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாம்பார் வாளிக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று நான் இடம் பார்த்தேன். பெரியப்பா இலையை மூடப் போவது போலக் கையை வைத்தார். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை.

யார் போய்ச் சொன்னார்களோ, மாப்பிள்ளையே மாலையோடு வந்தார். யாரோடும் வாதம் செய்யவில்லை. பரிமாறுகிறவர் கையிலிருந்த செம்பை வாங்கினார். பெரியப்பா முன்னால் குனிந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் டம்ளருக்குள் விழுந்தது. பெரியப்பா அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். பிறகு சாதம் கேட்டார். அண்ணாச்சிக்கு உயிர் வந்தது, எனக்கும்தான். கை கழுவி வெற்றிலை போடும்போது பெரியப்பா அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டார். “பாட்டில் வச்சிருந்தீங்கன்னா, சம்பந்தி, கல்யாணத்தன்னைக்கு எனக்கு இவன் கையால தண்ணி கிடைச்சிருக்குமா?”

ஹெல்மெட் போட்ட கொழுந்தன்

ஒரு தெரு முக்கு இருந்தது. எத்தனை முறை அள்ளினாலும் மறுநாள் குப்பைக் கவர்கள் குவிந்து கிடக்கும். கோலம் போட்டுப் பார்த்தோம், பூந்தொட்டி வைத்துப் பார்த்தோம். தொட்டி காணாமல் போயிற்று, குப்பை போகவில்லை. கடைசியில் ஒருநாள் காலை நானும் பேச்சியக்காவும் எதிரேயிருந்த டீக்கடை பெஞ்சில் காத்திருந்தோம். ஒரு ஸ்கூட்டர் வந்தது. வேகம் குறையாமலே ஒரு கவர் பறந்து வந்து விழுந்தது. பேச்சியக்கா நடுரோட்டில் போய் நின்று வண்டியை மறித்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால் என் கொழுந்தன் சங்கர், வீட்டுக்காரரின் சொந்தத் தம்பி. டீக்கடையில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பேச்சியக்காவும் பார்த்தார். வேறு யாராவது என்றால் என்ன சொல்லியிருப்பேனோ அதையே சொன்னேன். அவன் இறங்கி, கவரை எடுத்து ஸ்கூட்டரிலேயே வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு மாதக்கணக்கில் பேச்சு இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் நான் உட்கார்ந்த வரிசையில் அவன் உட்காரவில்லை. வீட்டுக் குப்பையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் என்று மாமியார் எனக்குப் புதுப் பட்டம் கொடுத்தார். கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒருநாள் சங்கரின் மனைவியே என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் திருநெல்வேலியில் வேலை. எங்கள் வண்டி அவர்கள் தெருவுக்கு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். இத்தனை வீட்டுப் படியேறிய எனக்கு அந்த ஒரு வீட்டில் கேட்கத் தோன்றியதில்லை.

பேச்சியக்காவிடம் சொன்னேன். அவர் வண்டியை மறுநாளிலிருந்து அந்தத் தெருவிலேயே தொடங்கும்படி வழியைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தெருவில் இப்படிப் பூட்டிக் கிடந்த வீடு இன்னும் சில இருந்தது அப்போதுதான் தெரிந்தது. முக்கில் குப்பை குறைந்தது. வழி மாறிய முதல் நாள் காலை, சங்கர் தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு கையில் பச்சை வாளி, ஒரு கையில் நீல வாளியோடு வாசலில் நின்றான். பேச்சியக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவன் இரண்டு வாளியையும் என் முன்னால் வைத்தான். “பாத்துக்கிடுங்க மதினி. தப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க, டீக்கடை இன்னும் தொறக்கல.”

பழைய குப்பையைக் கிளறாதே என்று ஊரில் எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். கிளறுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் அதை எப்படிக் கேட்க முடியும்?