கரையில் எடுத்த அட்டெண்டன்ஸ்

இன்று காலை என் செல்போன் என்னை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் வராமல் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டு கேட்டுக்கு எதிரில், பாய் டீக்கடையில், கையில் கிளாஸோடு நின்றிருந்தேன். போன மாதத்திலிருந்து எங்களுக்கு முகம் காட்டித்தான் அட்டெண்டன்ஸ். போனைத் தூக்கிப் பல்லைக் காட்டினேன். ‘நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்’ என்றது. கேட் அங்கேயிருந்து இருபது அடி. வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, உன் போனே உன்ன சேத்துக்க மாட்டேங்குதா?”

சிரித்தேன். ஆனால் என் மூக்கில் ஏறியது டீ வாசனை இல்லை, நண்டு வாசனை. டீக்கும் நண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவசரப்படாதீர்கள். அவசரம் என் குணம், அதை என்னிடமே விட்டுவிடுங்கள்.

அட்டெண்டன்ஸ் என்று யார் சொன்னாலும் எனக்கு நண்டு வாசனை அடிக்கும். அம்மாவின் வருகைப் பதிவேட்டிலிருந்து வருகிற வாசனை அது. அம்மா டீச்சர். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி ஒரு குப்பத்தில், ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். எந்தக் குப்பம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அங்கேயிருந்து யாராவது ‘எங்க கதைய நீ இன்னாத்துக்கு எழுதற’ என்று சண்டைக்கு வருவார்கள். மெட்ராஸ் என்றுதான் பெயர், கிராமம்தான் அது. பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, முதுகுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். வகுப்பு ஜன்னல் கட்டையில் தினமும் சாம்பல் படிந்திருக்கும். சிலேட்டைவிட அதில்தான் என் கையெழுத்து அழகாக வரும்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் அங்கேயே மூன்றாம் வகுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா டீச்சராகிவிடுவாள். ‘அம்மா’ என்று கூப்பிட்டால் காதில் விழாது. ஒருமுறை முட்டியில் ரத்தம் ஒழுக ‘அம்மா’ என்று அலறினேன், திரும்பவில்லை. ‘டீச்சர்’ என்றேன், ஓடி வந்தாள்.

குப்பத்தில் நண்டு வலை. விடியலில் படகு கரைக்கு வரும். வலை முழுக்க நண்டு சிக்கிக் கிடக்கும். கால் ஒடியாமல் கழற்ற வேண்டும், ஒடிந்ததை வியாபாரி தொடமாட்டார். அதற்குச் சின்ன விரல்தான் சரி. ஆகவே குப்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வலையோரம் உட்கார்ந்து, முடித்து, உப்புக் கையோடு பள்ளிக்கு வரும்போது மணி பத்தரை, பதினொன்று. சட்டமோ பத்து மணிக்கு அட்டெண்டன்ஸை முடி என்றது. பத்து மணிக்கு வகுப்பில் ஆறு பேர் இருப்போம். அந்த ஆறில் நான் ஒன்று. அம்மா பதினோரு மணி வரை பேனாவை மூடாமல் காத்திருப்பாள்.

ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்தார். மணி சரியாகப் பத்து. ஆறு தலையை எண்ணினார். “ஆறு பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடமா? வர்ற திங்கட்கிழமை இதே நேரத்துக்கு வருவேன். இதே கணக்குன்னா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளியோட சேர்த்துடுவோம்” என்றார்.

அந்தப் பக்கம் போக நிலக்கரி ரயில் போகும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், அப்புறம் லாரி ரோடு. பையன்களை வேண்டுமானால் அனுப்புவார்கள். ரேவதியை அனுப்பமாட்டார்கள். ரேவதி என் பக்கத்து இடம். அவள் அம்மா தேசம்மா அக்கா நேராகவே சொல்லிவிட்டாள்: “ஸ்கூலு அந்தாண்ட போச்சுன்னா ரேவதி வலையாண்டதான் டீச்சரு. லாரில வுட்டு சாவடிக்கவா பெத்தேன்?”

திங்கட்கிழமை காலை அம்மா பள்ளிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கடலைப் பார்த்து நடந்தாள்.

“டீச்சர், ஸ்கூலு இந்தாண்ட கீது.”

“ஸ்கூலு எங்கியும் ஓடிப்போவாது. நீ வா.”

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் பதிவேட்டை விரித்தாள். காற்று பக்கங்களைப் பிய்த்தது. தேசம்மா அக்கா பழைய வலையிலிருந்து இரண்டு ஈயக்குண்டுகளை அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். “வெச்சிக்கோ. வலைக்கு குண்டு இல்லாங்காட்டி மெதந்துடும். உன் புக்கும் அப்டித்தான்.”

“ரேவதி.”

“உள்ளேன் டீச்சர்.”

“ரமேஷ்.”

“கீறேன் டீச்சர்! நண்டு வெரல வுடமாட்டேங்குது!”

இப்படி முப்பத்தொரு பேர். யாரும் வலையை விட்டு எழவில்லை. கை நண்டில், வாய் வாய்ப்பாட்டில். பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி பூட்டின பள்ளியைப் பார்த்துவிட்டு, ஷூவில் மணல் நிறைய, கரைக்கு வந்து சேர்ந்தார். அம்மா நிறுத்தவில்லை.

“ஒரு நண்டுக்குப் பத்து கால். நாலு நண்டுக்கு?”

ரமேஷ் கையிலிருந்ததை உயர்த்திப் பார்த்தான். “முப்பத்தொம்போது டீச்சர். இதுக்கு ஒண்ணு ஒடிஞ்சிகீது.”

அதிகாரிக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதோடு போயிருக்க வேண்டியது. அவர் கண், ரிப்பனும் ஷூவுமாக அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் நின்ற என் மேல் விழுந்தது.

“ஏம்மா, டீச்சர் தினமும் இங்கேதான் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களா?”

கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிற முந்திரிக்கொட்டை நான். “இல்ல சார்! இன்னிக்குத்தான் மொத தடவ!” அதோடு விட்டேனா? கேட்காததற்கும் பதில் சொன்னேன்: “போன வாரம் வரிக்கும் பதினோரு மணிக்குத்தான் சார் போடுவாங்க!”

தேசம்மா அக்கா மெதுவாகச் சொன்னாள்: “டீச்சரு, ஒரு ஈயக்குண்ட உன் பொண்ணு வாயில வெச்சிருக்கலாம்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தாள். “ஆமா சார். இன்னிக்குத்தான் மொத நாளு. பதினோரு மணிக்குப் போட்டதும் நெசந்தான். அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுங்க. பத்து மணிக்குள்ள எடுன்னுதான சட்டம் சொல்லுது? மணி இன்னும் பத்து ஆவல. பிள்ளைங்க எதிர்ல கீறாங்க. எண்ணிக்கோங்க.”

“மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா.”

“எத்தினி பேர் இருந்தாங்கன்னு எழுதுங்க. எங்க இருந்தாங்க, கையில இன்னா இருந்துச்சின்னும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் ஒத்துக்க முடியாதுன்னு சொல்றவங்கள இங்க ஒரு தபா வரச் சொல்லுங்க.”

அவர் இரண்டு முறை எண்ணினார். “நான் சொல்லாம கொள்ளாம திரும்பி வருவேன்.”

“வாங்க சார். செருப்பு போட்டுனு வாங்க. ஷூவுல மண்ணு பூந்துக்குது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மடியில் பை, பையில் தேசம்மா அக்கா திணித்த நண்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். “டீச்சரம்மா, நாத்தத்துக்குத் தனி டிக்கெட்டு” என்றார் கண்டக்டர். “குடு நைனா, ஜன்னலோரமா குடு” என்றாள் அம்மா. எனக்கு எப்போது குட்டு விழும் என்று தலையைச் சாய்த்தே வைத்திருந்தேன். விழவில்லை. கடைசியில் நானே கேட்டேன், ஏன் திட்டவில்லை என்று.

“உண்மைய சொன்னதுக்கா? நீ சொன்னதால இனிமே தினம் நான் மண்ணுல நிக்கணும். அந்த ரெண்டு குண்டையும் தினம் நீ தூக்கினு வரணும்.”

தூக்கினேன். பென்சில் பாக்ஸ் தாங்காமல் உடைந்தது. அதிகாரி இரண்டு தடவை சொல்லாமல் வந்தார். செருப்போடு வந்தார். இரண்டு தடவையும் அம்மா படகருகே நின்றிருந்தாள். அப்புறம் வரவில்லை. பள்ளி தப்பியது. ரேவதி ஐந்தாவது முடித்தாள். அதற்குள் வளர்ந்து கொஞ்சம் தைரியமும் வந்துவிட்டதால் தண்டவாளம் தாண்டி ஆறாவதும் போனாள். வழி நெடுக லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே போவாள் என்று தேசம்மா அக்கா பெருமையாகச் சொல்வாள்.

அம்மாவின் பதிவேடுகளைப் புரட்டினால் பெயர்களுக்குப் பக்கத்தில், நண்டோடு வலையில் சிக்கும் பொடி மீனின் செதில் ஒட்டியிருக்கும், ஈயக்குண்டின் வட்டத் தடம் இருக்கும். ‘பதிவேட்டைச் சுத்தமாகப் பராமரிக்கவும்’ என்று ஒருமுறை மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. அம்மா அதையும் அதே பதிவேட்டுக்குள் வைத்தாள். இரண்டே நாளில் அதிலும் செதில் ஒட்டிக்கொண்டது.

பிறகு முகத்துவாரம் மணலடைத்தது. ஆறு சாம்பல் நிறமானது. படகுகள் வெறும் வலையோடு வந்தன. கழற்ற நண்டு இல்லை, அதனால் பிள்ளைகள் எல்லாரும் ஒன்பதே காலுக்கே குளித்து, தலை சீவி, வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த அதிகாரி பார்த்தாலும் மெச்சுகிற காட்சி. அம்மா அந்தக் காட்சியை ஒரு நாளும் மதிக்கவில்லை. மொத்த வகுப்பையும் வரிசையாகக் கரைக்கு நடத்திப் போய், சும்மா கிடந்த படகின் மேல் பதிவேட்டை விரித்து, அங்கேதான் பெயர் கூப்பிட்டாள். நான் அப்போது வேறு பள்ளி. லீவில் போனபோது கேட்டேன், இப்போது எதற்கு என்று.

“கரைய வுட்டு எழுந்து போனம்னு வெச்சிக்கோ, இங்க யாருமே இருந்ததில்லன்னு எழுதிப்பாங்கடி.”

குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தூரத்துக் குடியிருப்புகளுக்குப் போயின. கடைசியில் பள்ளியை அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தார்கள். அம்மா பதிவேடுகளை எண்ணி ஒப்படைத்தாள். இப்போது மாத்தூர் வீட்டில், நான் போனில் முகம் காட்டும் கதையைச் சொன்னால், “அது உன்ன எண்ணட்டும், எங்க எண்ணணும்னு நீ சொல்லு” என்கிறாள். அவள் நின்ற கரையில் இன்று கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை அதற்கும் மேலே ஏறுகிறது. ஈயக்குண்டு இரண்டும் என் ஆபீஸ் மேசையில் இருக்கின்றன, பறக்க அங்கே ஒரு காகிதம்கூட இல்லை.

ஒப்படைக்கிற நாளில் கடைசி வருடப் பதிவேட்டை நான்தான் தூக்கிப்போனேன். வழியில் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் நேரே வருகை, எல்லாம் பத்து மணிக்கு முன்னால். ஒரு பக்கத்தில்கூடச் செதில் இல்லை.