சூடு ஆற்றப் போன டொக்கு

தெருவில் எல்லோரும் அவரை டொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஃப்ரிட்ஜும் பழைய வாஷிங் மெஷினும் வாங்கி, சரி பண்ணி விற்கும் கடை அவருடையது. எதை வாங்கப் போனாலும் முதலில் நடுவிரலை மடக்கி அதன் மண்டையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டுவார். காதைச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். அந்தப் பொருளின் ஆத்மாவே காதில் வந்து ரகசியம் சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டு ஒரு விலை சொல்வார். அந்த விலை எதிராளி கேட்டதில் எப்போதும் சரியாகப் பாதியாக இருக்கும். தட்டாமலே பாதியைச் சொல்லலாமே என்று இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவரிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

பொருளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போய் நாலு சுவரையும் தட்டினார். வீட்டுக்காரர் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு வாடகையைக் குறைத்தார். ஒரு முறை இருமலுக்காக டாக்டரிடம் போனபோது, டாக்டர் இவர் முதுகைத் தட்டிப் பார்த்தார். "என்ன டாக்டர், எவ்வளவு போகும்?" என்று கேட்ட ஆள் இவர்.

கல்யாணம்கூட வியாபாரத்துக்குப் போன இடத்தில்தான் ஆனது. ஒரு வீட்டில் பழைய வாஷிங் மெஷின் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். அந்த வீட்டுப் பெண்தான் அதை ரிப்பேர் பண்ணி ஓட வைத்திருந்தாள். விலை சொன்னாள். டொக்கு தட்டினார், பாதி சொன்னார். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள், பின்பக்கத்தைக் கழற்றினாள், மோட்டாரைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"பாதி விலைக்குப் பாதி மெஷின். எந்தப் பாதி வேணும், சொல்லுங்க."

அதற்கு மேல் நாலு தடவை அந்த வீட்டுக்குப் போனார். நாலாவது தடவை மெஷினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மெஷின் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தது. அவள்தான் வந்தாள்.

அன்றிலிருந்து கடையில் இவர் செத்ததை வாங்குவார், அவள் பிழைக்க வைப்பாள், மறுபடி இவர் விற்பார். பெருமை இவருக்கு, கையில் கிரீஸ் அவளுக்கு. வாங்கிப் போனவர்கள் பிற்பாடு தேடியதெல்லாம் அவளைத்தான். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்கா. பகலில் தனியாக இருக்கும் பெண்கள், முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதைவிட அக்கா வருவது நிம்மதி என்றார்கள். அப்படித்தான் அக்காவுக்கு அந்த எண்ணம் வந்தது. கடை அவருடையதாக இருக்கட்டும். வீடு தேடிப் போய் ரிப்பேர் பண்ணும் தொழில் தனியாக, தன் பேரில் இருக்க வேண்டும்.

நேரமும் கூடி வந்தது. பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியிருந்தது. நூற்று நாற்பது வீடு. மெஷின் ரிப்பேருக்கு நிரந்தரமாக ஒரே ஆளை வைத்துக்கொள்ளப் போவதாகக் குடியிருப்போர் சங்கம் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'இணைய முகவரி' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் வாங்க மாட்டோம் என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நூற்று நாற்பது வீட்டு வாஷிங் மெஷினைவிட அந்தக் கட்டம் அவருக்கு முக்கியம்.

அக்கா ஞாயிற்றுக்கிழமையே பேர் யோசித்துவிட்டாள்: மெக்கானிக் அக்கா டாட் காம். பார்த்தால், எங்கேயோ இருக்கும் ஒருத்தர் அந்த முகவரியை ஏழு வருஷத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார். அதில் கடையும் இல்லை, கண்ணியும் இல்லை. 'விற்பனைக்கு' என்று ஒரே ஒரு பலகை. விலை ஒன்பதாயிரம்.

"எங்கிட்ட ஒன்பதாயிரம் இருக்கு. வாங்கிடலாம்" என்றாள் அக்கா.

டொக்கு குறுக்கே பாய்ந்தார். "கேட்ட விலையைக் குடுக்கறதா? எங்க பரம்பரைக்கே அந்தப் பழக்கம் கிடையாது. வியாழக்கிழமை வரைக்கும் என்கிட்ட விடு."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"அதான் வியாழக்கிழமைன்னு சொல்றேன்ல?"

அக்கா விட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்புகளை விரல் விட்டு எண்ணலாம். அதில் இது ஒரு விரல்.

திங்கட்கிழமை காலை டொக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரருக்கு நாற்பது வயது. இணையம் பற்றித் தெருவுக்கே ஆலோசனை சொல்பவர். அவர் மானிட்டரில் அந்தப் பேரைக் காட்டினார்.

"பேர் நல்ல பேர்தாண்ணே. சின்னதா இருக்கு. ஃபோன்ல ஒரு தடவை சொன்னா மறுபடி கேக்க மாட்டாங்க. கேட்டதுமே என்ன வேலைன்னு புரியுது. இதே மாதிரி பேருங்க ஏழாயிரம், எட்டாயிரம்னு போயிருக்கு."

"அதெல்லாம் இருக்கட்டும். பொருளை எங்க பார்க்கிறது?"

"பொருள் கிடையாதுண்ணே. வெறும் பேர்."

"உள்ள?"

"உள்ள ஒண்ணும் இல்ல."

"காலி டப்பாவுக்கா ஒன்பதாயிரம்?" என்று சொல்லிவிட்டு டொக்கு, கை சும்மா இருக்காமல், மானிட்டரை இரண்டு தட்டு தட்டினார்.

"அண்ணே, அது என் மானிட்டர். அதுக்கும் பேருக்கும் சம்பந்தம் இல்ல."

இலவசமாக மதிப்புச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, டொக்கு இரண்டில் போட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் தளம் ஆயிரத்து நூறு என்றது. இரண்டாவது தளம் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் என்றது. இரண்டுமே துளிக்கூடக் கூச்சம் இல்லாமல் சொன்னதுதான் டொக்குவுக்குப் பிடித்திருந்தது. தன் இனம்.

"இதெல்லாம் சும்மாண்ணே" என்றார் ஜெராக்ஸ். "வாங்கறவனுக்கு எவ்வளவு அவசரமோ அதுதான் விலை. உங்க அவசரம் அவனுக்குத் தெரியக் கூடாது. அதனால பேசாம ஒன்பதாயிரத்தைக் கட்டி முடிச்சிடுங்க."

இதில் நடு வாக்கியம் மட்டும் டொக்குவின் காதில் விழுந்தது.

பழைய சாமான் தொழிலில் 'சூடு ஆற்றுவது' என்று ஒரு வேலை உண்டு. விற்கிறவன் முதல் நாள் ஆசையில் சூடாக இருப்பான். அவனிடம் நேராகப் போகக் கூடாது. முதலில் ஒரு ஆள் போய் மூன்றில் ஒரு பங்கு விலை கேட்டு, துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த ஆள் அதிலும் பாதி கேட்டு, கம்ப்ரசர் சத்தம் போடுகிறது என்பான். மூன்றாவது ஆள் விலையே கேட்க மாட்டான். சுற்றிச் சுற்றிப் பார்த்து 'ச்சொச்சொ' கொட்டிவிட்டுப் போய்விடுவான். இதற்குள் விற்கிறவன் ஆறி அவலாகி, இந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று உட்கார்ந்திருப்பான். அப்போது டொக்கு போய்ப் பாதி விலை சொன்னால் அவன் கண்ணில் டொக்கு ஒரு வள்ளல்.

அன்று மதியமே மச்சினனை, அதாவது அக்காவின் தம்பியை, பிடித்தார்.

"மாப்ளே, இந்த ஆளுக்கு ஒரு மெயில் போடு. மூவாயிரம்னு கேளு."

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"அக்காவுக்காகத்தானே பண்றேன்?"

"நான் அதைக் கேக்கல."

"மெயிலைப் போடுடான்னா!"

செவ்வாய்க்கிழமை, டொக்கு சொல்லி, அதே தெருத் தையல்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்டு எழுதினார். என்ன குறை சொல்வது என்று அவர் கேட்டதற்கு, வழக்கமாகச் சொல்வதுதான் என்றிருந்தார் டொக்கு. ஆகவே தையல்காரர், 'பேர் நன்றாக இருக்கிறது, ஆனால் அடியில் துரு தெரிகிறது' என்று எழுதினார். மூன்றாவதாக மச்சினனே வேறொரு பேரில் ஒரு மெயில் அனுப்பினான். விலை கிடையாது, வணக்கம் கிடையாது. 'ச்சொச்சொ' என்று மட்டும்.

புதன்கிழமை காலை விலை இருபத்திரண்டாயிரம். கூடவே சிவப்பு எழுத்தில், 'பலர் கேட்கிறார்கள்!'

சூடு சரியாக ஆறவில்லை என்று டொக்கு முடிவு கட்டினார். இன்னும் நாலு பேரை இறக்கினார். அதில் இரண்டு பேர் அந்தத் தெருவிலேயே இணையத்தை முதல் தடவையாகத் தொடுகிறவர்கள். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அறுபதாயிரம்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழு வருஷமா ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காத பேருண்ணே அது. மூணு நாள்ல ஏழு பேர் வந்து நின்னா அவன் என்ன நினைப்பான்? ஃப்ரிட்ஜ்னா நேர்ல நின்னு மூக்கைச் சுளிக்கலாம். இங்க யாரு சுளிச்ச மூக்கு அவனுக்குத் தெரியுது? அவன் தலையைத்தான் எண்ணுவான்."

டொக்குவுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா ஏற்கெனவே புதுப் பை தைக்கக் கொடுத்திருந்தாள். ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை வைத்த பை. குடியிருப்பில் தெரிந்த பெண்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள். இதெல்லாம் ஞாபகம் வந்ததும் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 'விற்பனைக்கு' பலகையில் இருந்த நம்பரைப் போட்டார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்றேன். உங்ககிட்ட விலை கேட்ட ஏழு பேரும் நான்தான்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "நல்லா இருக்கு சார். மத்த ஆறு பேரையும் கழட்டி விட இப்படி ஒரு வழியா?"

"சத்தியமா சார். ச்சொச்சொன்னு ஒரு மெயில் வந்துதுல்ல? அது என் மச்சினன்."

"அவரைத்தான் சார் நான் பெரிய பார்ட்டின்னு நினைச்சிட்டு இருக்கேன். அதிகம் பேசல பாருங்க."

டொக்கு கிடங்கில் சுவரோரம் நின்ற ஆறு ஃப்ரிட்ஜையும் ஒரு பார்வை பார்த்தார். வந்த விலைக்குத் தள்ளினால் அறுபதாயிரம் தேறும். பிறகு, அவருடைய பரம்பரையில் எவர் வாயிலும் வராத ஒரு சொல்லைச் சொன்னார்.

"சரி."

"என்ன சரி?"

"அறுபதாயிரம். சரி."

மறுமுனையில் குரல் மாறியது. "பேரமே பேசாம ஒத்துக்கறீங்களா? அப்ப நான்தான் கம்மியா சொல்லிட்டேன் போல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்."

இதே வசனத்தை டொக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சட்டென்று தலையாட்டிய அத்தனை அப்பாவிகளிடமும். முதல் தடவையாக அது எங்கே வலிக்கும் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அக்கா ஒரு மெஷினின் டிரம்முக்குள் தலையை விட்டிருந்தாள். முகம் தெரியாதபோது சொல்லிவிடுவது நல்லது என்று டொக்கு எல்லாவற்றையும் சொன்னார். டிரம்முக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அடியில துருவா?"

"அது தையல்காரர் எழுதினது."

"ச்சொச்சொ?"

"அது உன் தம்பி."

தலை வெளியே வந்தது. அடி விழும் என்று டொக்கு அரை அடி பின்னால் நகர்ந்தார். அக்கா ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"தூக்குங்க. இன்னிக்கு நாலு வீடு இருக்கு."

முதல் வீட்டில் வேலை முடிந்ததும் அக்கா அந்தப் பெண்ணிடம், "என் நம்பரை உன் ஃபோன்ல என்னன்னு போட்டு வெச்சிருக்க, காட்டு" என்றாள். 'மெஷின் ஒழுகுது அக்கா' என்று இருந்தது. இரண்டாவது வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு காட்டினார்: 'ஒழுகுது அக்கா, உடனே வருவார்'. மூன்றாவது வீட்டில் ஒருவர் காட்டவே கூச்சப்பட்டார். விடாமல் வாங்கிப் பார்த்தால், 'ஒழுகல்'. நாலாவது வீட்டில் மட்டும் 'டொக்கு சம்சாரம்'. டொக்குவின் முகம் மலர்ந்தது. அக்கா பார்த்த பார்வையில் உடனே வாடியது. மெக்கானிக் அக்கா என்று ஒருத்தர்கூட வைத்திருக்கவில்லை.

படி இறங்கும்போது அக்கா சொன்னாள்: "தண்ணி தரையில ஓடும்போது அவங்க வாயில எது வருதோ அதுதான் என் பேரு. ஒழுகுது அக்கா டாட் காம்."

"அய்யோ, இதை எவன் வாங்குவான்?"

"எவனும் வாங்க மாட்டான். அதுக்குத்தான் சொல்றேன்."

ஜெராக்ஸ் கடையில் போட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் ஒருத்தரும் தொடாத பேர். புதுசாகப் பதிய வருஷத்துக்கு ஏதோ சில நூறுதான். நீ தள்ளு என்று அக்காவை விலக்கி, டொக்கு நாற்காலியில் உட்கார்ந்து தன் கார்டிலிருந்து தானே கட்டினார். மதியத்துக்குள் அக்காவின் நம்பரும் வேலை நேரமும் போட்டு ஒரு பக்கம் தயார்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை வாங்கிய செயலாளர், கட்டத்தில் இருந்த பேரைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடி நழுவச் சிரித்தார். சங்கத்தின் கௌரவத்துக்கு இது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும் என்றார். இவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒன்பதாவது மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஒழுகுது அக்கா நீங்கதானா? இப்பவே மேல வாங்க!" என்று கத்தினார். செயலாளர் அந்தப் பேரை அதற்குள் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தாரோ! அடுத்த வாரமே வேலை அக்காவுக்கு என்று கடிதம் வந்தது. கௌரவம் என்ன ஆயிற்று என்று அதில் எழுதவில்லை.

அக்கா அந்தக் கடிதத்தையும் பேர் பதிந்த ரசீதையும் ஒன்றாக ஃபைலில் வைக்கப் போனாள். ரசீதைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க, இதுல பத்து வருஷம்னு போட்டிருக்கு?"

டொக்கு ஒரு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். எந்த மெஷினுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட வாரண்டி எழுதிக் கொடுக்காத மனுஷன்.

"மொத்தமா வாங்கினா விலை குறையுது. வியாபாரம் தெரிஞ்சவன் அப்படித்தான் வாங்குவான்."

அக்கா மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஒரு பைசா குறையவில்லை. பத்து வருஷத்துக்கும் முழு விலை கட்டியிருந்தார்.

"நல்ல பேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலை மூடினாள்.