கேட் மூடுகிற வண்டி

"உன் வண்டிக்கு அடியில படுத்துப் பாக்க உனக்குக் கேவலமா இருந்தா, என் தங்கச்சிய இறக்கி விட்டுட்டு நீ மட்டும் தனியாப் போய் எரிஞ்சு சாவு!"

ஹெஸ்டர் இதைச் சொன்னபோது அவள் கையில் இறைச்சி புரட்டும் இடுக்கி இருந்தது. அதை நீல்ஸின் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தாள். நீல்ஸ் அவள் தங்கை லெட்டியின் புருஷன். அவன் அசையவில்லை. தட்டிலிருந்த சாசேஜைக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"பாருங்கப்பா, என் வண்டிக்கு ஜாதகம் கணிச்சுட்டாங்க."

தியூன்ஸ் சிரித்தான். அவன் பக்கத்து வீட்டுக்காரன். நீல்ஸ் உலர்திராட்சைக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் அவனுக்குக் கீழே மூட்டை தூக்கியவன். இப்போது இருவரும் ஓய்வு. ஆனாலும் தியூன்ஸ் முன்னால் நீல்ஸுக்கு மேஸ்திரி முறுக்கு இன்னும் குறையவில்லை.

இதெல்லாம் நடந்தது தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் ஊரில், ஹெஸ்டரின் பின்கட்டில், ஒரு சனிக்கிழமை மதியம். ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் மூன்று வீட்டுக்காரர்களும் மூன்று வண்டியில் கலஹாரி மணலுக்குள் போய், கூடாரம் போட்டு, இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். யார் எதை எடுத்து வருவது, எத்தனை கேன் தண்ணீர், எத்தனை கட்டு விறகு, யார் வண்டி முன்னால், யார் வண்டி பின்னால், எல்லாம் ஹெஸ்டர்தான் முடிவு செய்வாள். பள்ளி விடுதிச் சமையலறையில் ஆயுசுக்கும் குழம்பு கிளறியவள். நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவளுக்கு மூன்று வண்டி ஒரு பெரிய விஷயமா? புருஷன் தாவித் செத்த வருஷம்கூட அவள் போகாமல் இருக்கவில்லை. "அவனுக்காக அழுறத அங்க போய் அழுதுக்கறேன், இங்க கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவனுடைய பழைய பெட்ரோல் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

இந்தத் தடவை மழை கொட்டித் தீர்த்திருந்தது. மணல் பாதை என்றால் இரண்டு சக்கரத் தடம்தான். நடுவே ஒரு மேடு. அந்த மேட்டில் புல் இடுப்பளவு வளர்ந்து, காய்ந்து, விதை கட்டி நின்றது. வண்டி போகப் போக அந்தப் புல் அடிவயிற்றை வருடிக்கொண்டே வரும். தாளும் விதையும் புகைக்குழாய்க்கு மேலே போய், தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் மெத்தை மாதிரி அடைந்துவிடும். குழாய் சூடேறினால் மெத்தை பற்றிக்கொள்ளும். புது டீசல் வண்டிகள் இன்னும் மோசம். அவை புகைக்குழாயில் சேர்ந்த கரியைத் தாங்களே எரித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அடிக்குழாய் அடுப்புதான். நீல்ஸ் வாங்கியிருந்தது புது டீசல் வண்டி.

ஹெஸ்டருக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. தாவித் இருந்தபோது அவர்களுடைய முதல் வண்டி இப்படித்தான் போயிற்று. ஒரு போர்வையையும் ஒரு டின் பீச் பழத்தையும் எடுக்கத்தான் நேரம் இருந்தது. அவர்கள் இளசுகள், குதித்து ஓடினார்கள். லெட்டி எப்படிக் குதிப்பாள்? போன குளிர்காலத்தில்தான் அவளுக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தார்கள். அந்த உயர வண்டியிலிருந்து இறங்க அவளுக்கு ஒரு முக்காலி வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், நாலு வசவு வேண்டும்.

அதனால்தான் ஹெஸ்டர் அந்த மதியம் சட்டம் போட்டாள். பண்ணை வழியில் மூன்று கேட்டுக்கு ஒரு தடவை எல்லாரும் நிறுத்தணும், எல்லாரும் அடியில் படுத்துப் புல்லைப் பிடுங்கணும். ஒவ்வொரு வண்டியிலும் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்ப் ஒன்று, தண்ணீர் நிரப்பி, கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும்.

"எதுக்கு? வழியில ரோஜாவுக்கு மருந்தடிக்கப் போறமா?" என்றான் நீல்ஸ்.

"உன் மூஞ்சிக்கு அடிக்க."

"ஹெஸ்டர், கேளு. என் வண்டி இன்னிக்குச் செஞ்ச வண்டி. அடியில தகடு போட்டு மூடியிருக்கான். உன் ஓட்டை வண்டிக்குப் பாக்குறத எனக்குப் பாக்காத."

"மூடியிருக்கறதாலதான்டா ஆபத்து! உள்ள என்ன எரியுதுன்னே தெரியாது."

"அக்கா, கறி கருகுது," என்றாள் லெட்டி.

"கருகட்டும்!"

அதற்குப் பிறகுதான் அந்த எரிஞ்சு சாவு. லெட்டி முழங்காலில் இருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஹெஸ்டருக்கு வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கத் தெரியாது. அதற்குப் பதிலாக இன்னொரு காரியம் செய்தாள். "தியூன்ஸ் முன்னால. நான் நடுவுல. நீல்ஸ் கடைசி" என்றாள்.

கடைசி வண்டி என்றால் எல்லார் புழுதியும் அதற்குத்தான். அது மட்டுமில்லை, பண்ணை வழியில் வருகிற ஒவ்வொரு கேட்டையும் கடைசி வண்டிக்காரன்தான் இறங்கி மூடிச் சங்கிலி போடணும். லெட்டியால் இறங்க முடியாது. அதனால் புது வண்டி மேஸ்திரி ஒவ்வொரு கேட்டிலும் தானே இறங்கித் தானே ஏறணும். வழக்கமாகக் கடைசியில் போவது தியூன்ஸ்தான். கெட்டிக்கார ஓட்டுனரைத்தான் கடைசியில் விடுவார்கள். எல்லாருக்கும் அது தெரியும். ஹெஸ்டர் வேண்டுமென்றே மாற்றினாள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது.

"சரி," என்றான் நீல்ஸ். அவ்வளவுதான் சொன்னான். அது ஹெஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். தார் ரோடு முடிந்த இடத்தில் டயர் காற்றைப் பாதிக்கு இறக்கிவிட்டு மணலில் ஏறினார்கள். முதல் மூன்று கேட் தாண்டி நிறுத்தினார்கள். ஹெஸ்டர் பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்து, கம்பிக் கொக்கியால் புல்லை இழுத்துப் போட்டாள். தியூன்ஸும் நுழைந்தான். நீல்ஸ் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபியைக் கையில் பிடித்து, தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, நீ பாக்கலையா?" தியூன்ஸ் அடியிலிருந்து கேட்டான்.

"என் வண்டி சுத்தம்."

"தொந்தி உள்ள போகாதுன்னு சொல்லேன்!"

நீல்ஸ் முகம் இறுகியது. ஹெஸ்டர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். லெட்டி ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

ஆறாவது கேட்டிலும் அதே கூத்து. இந்தத் தடவை ஹெஸ்டர் பாயைச் சுருட்டி உள்ளே எறிந்தாள். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். நடுக்கண்ணாடியில் நீல்ஸின் பளபளக்கும் வண்டி தெரிந்தது. அந்தக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி மேலே திருப்பிவிட்டாள். "இந்த மூஞ்சிய வழி பூரா பாத்துட்டு வரணுமாக்கும்."

இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். மணலில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நீதான் பொறுப்பு. அவன் கண்ணாடியில் தெரியணும். தெரியாவிட்டால் நிறுத்தணும். இதை ஊருக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவளே ஹெஸ்டர்தான்.

மணல்மேடு ஏறி இறங்கினார்கள், இன்னொன்று ஏறி இறங்கினார்கள். ஒன்பதாவது கேட் வந்ததும் தியூன்ஸ் நிறுத்தினான். ஹெஸ்டரும் நிறுத்திப் பாயை எடுத்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"கேட் மூடிட்டு வருவான்," என்றான் தியூன்ஸ்.

காத்திருந்தார்கள். காற்று புல்லைச் சாய்த்தது, நிமிர்த்தியது. வண்டிச் சத்தமே இல்லை.

ஹெஸ்டர் வயர்லெஸ்ஸை எடுத்தாள். "நீல்ஸ், எங்க இருக்கே?"

கரகரவென்றது. பதில் இல்லை.

"நீல்ஸ். நான் ஹெஸ்டர் பேசறேன். சண்டையெல்லாம் இல்ல. பதில் சொல்லு."

ஒன்றும் இல்லை.

"லெட்டி! லெட்டிம்மா, அந்தக் கறுப்பு பட்டனை அமுக்கிப் பேசு. ஏதாவது பேசு."

தியூன்ஸ் தன் வண்டிக் கூரையில் ஏறி நின்று பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஹெஸ்டர்," என்றான், "அந்த ரெண்டாவது மேட்டுக்கு அந்தப் பக்கம் புகை மாதிரி ஏதோ தெரியுது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டியைத் திருப்பிவிட்டாள். புல்லுக்கு நடுவில், குறுகிய தடத்தில், மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பினாள். கண்ணாடி இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கினாள். இப்போது அதில் பார்க்க என்ன இருக்கிறது? முக்காலி யார் போடுவார்கள்? கேட் மூட நீல்ஸ் இறங்கிப் போயிருந்தால், லெட்டி தனியாக உள்ளே உட்கார்ந்திருந்தால், கதவு அவ்வளவு உயரம்... "நான்தானே உன்னக் கடைசில போட்டேன், நான்தானே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். முதல் மேடு ஏறும்போது புகை நாற்றம் வந்தது. புல் எரிகிற நாற்றம். ரப்பர் நாற்றம் இன்னும் இல்லை. ரப்பர் நாறினால் எல்லாம் முடிந்தது.

இரண்டாவது மேட்டு உச்சியில் வண்டி முக்கியது, அமுங்கியது, ஏறிவிட்டது.

கீழே நீல்ஸின் வண்டி நின்றது. அடியிலிருந்து வெள்ளைப் புகை புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில், மடியில் வயர்லெஸ்ஸோடு லெட்டி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன்டி பதில் சொல்லல? ஏன்டி?" ஹெஸ்டர் இறங்கி ஓடினாள்.

"அவர்தான் பேசாதேன்னார்க்கா. உன்கிட்ட மட்டும் சொல்லாதேன்னார்." லெட்டி மடியிலிருந்த வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு கேட்லயும் நீங்க மேடு தாண்டுனதும் இவர் அடியில படுத்துப் புடுங்கறார். படுத்தா எந்திரிக்க முடியலக்கா. கதவப் புடிச்சுத் தொங்கி எந்திரிக்கறார். அதத் தியூன்ஸ் பாத்துடக் கூடாதுன்னுதான்... இந்தத் தடவ புடுங்கும்போதே பத்திக்கிச்சு. என்ன இறக்கி இங்க உக்கார வச்சுட்டு மறுபடி அடியில போயிட்டார்."

ஹெஸ்டர் பாயைக்கூட விரிக்கவில்லை. தன் பம்ப்பையும் கொக்கியையும் இழுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து உள்ளே ஊர்ந்தாள். உள்ளே சூடு முகத்தில் அறைந்தது. நீல்ஸ் மல்லாந்து கிடந்தான், கண் சிவந்து, புருவம் கருகி. அவன் கையிலிருந்த பம்ப் வெறும் காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது.

"தண்ணி தீந்துடுச்சு," என்றான். "தகட்டுக்கு மேல இன்னும் செவப்பாத் தெரியுது. எனக்குக் கை எட்டல."

"வாய மூடு. புகை உள்ள போகுது. கைய எடு."

அவள் கொக்கியை விட்டு இழுத்தாள். கனன்றுகொண்டிருந்த புல் கட்டி கட்டியாக அவள் கழுத்திலும் மார்பிலும் விழுந்தது. கெட்ட வார்த்தை சொன்னாள், தட்டிவிட்டாள், தண்ணீர் அடித்தாள், மறுபடி இழுத்தாள். நீல்ஸ் விழுந்த நெருப்பை வெறும் உள்ளங்கையால் மணலில் அமுக்கினான். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கடைசிக் கொத்து வந்தபோது அது ஈரமாக, கறுப்பாக வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருவரும் அசையாமல் படுத்து, தகட்டுக்குள் உற்றுப் பார்த்தார்கள். சிவப்பு இல்லை.

வெளியே தியூன்ஸ் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"ஹெஸ்டர்," என்றான் நீல்ஸ் மெதுவாக, "அவன் முன்னாடி என்னத் தூக்கி விடாத."

"தியூன்ஸ்!" என்று அடியிலிருந்தே கத்தினாள் ஹெஸ்டர். "எட்டாவது கேட் தெறந்து கெடக்கு, பண்ணைக்காரன் ஆடு வெளிய வந்தா நம்மளத்தான் சுடுவான். போய் மூடிட்டு வா!"

வண்டி இவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அப்புறம் அவள் ஊர்ந்து வெளியே வந்து, அவன் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஹெஸ்டர். ஒரு வழியாக எழுந்து நின்றான்.

"இனிமே நீ நடுவுல வா," என்றாள். "கேட் நான் மூடறேன்."

"அப்போ எனக்கு அடியில யார் பாக்கறது?"

"அதையும் நான் பாத்துத் தொலைக்கறேன். உன் வண்டிக்காக இல்ல."

லெட்டி நாற்காலியிலிருந்தே கைக்குட்டையை நீட்டினாள். ஹெஸ்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, மணலில் கிடந்த நீல்ஸின் பம்ப்பைக் காலால் புரட்டினாள். பச்சை நிறம், புத்தம் புதுசு. கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் கெய்மூஸில் இருக்கிற கடைச் சீட்டு.

"இதை எப்போ வாங்கினே?"

நீல்ஸ் வாயிலிருந்த மணலைத் துப்பினான். "எரிஞ்சு சாவுன்னியே, அதுக்கடுத்த திங்கக்கிழமை. கடை தெறந்ததும்."

"அதுக்குக் கெய்மூஸ் வரைக்கும் போனியா?"

"நம்ம ஊர்க் கடைல தியூன்ஸோட மச்சான் நிக்கறான்ல? மத்தியானத்துக்குள்ள உன் காதுக்கு வந்திருக்குமே."

ஹெஸ்டர் குனிந்து அந்த நனைந்த சீட்டைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தாள். முன்னூற்று எண்பத்தொன்பது ராண்ட்.