பரிமளத்தின் மேசை

பரிமளம் ஒரு சாமானைப் பார்த்து "உதில ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லிவிட்டால் அதில் பிழை இருக்காது. இதை ஊர் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொள்வாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஐம்பத்துநாலு வயதில், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கணினி திருத்தும் கடையின் பின்பக்க மேசையைப் பிடித்து உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த அளவு தலைக்கனம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்த மேசை சும்மா கிடைக்கவில்லை. திருகோணமலையிலிருந்து வந்த பிறகு பதினொரு வருடம் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்தாள். வாங்கியவர்கள் 'சரியில்லை' என்று திருப்பிக் கொடுத்த மின்சாமான்களைச் சோதித்து, எது குப்பைக்கு, எது மறுபடி விற்பனைக்கு என்று பிரிக்கிற வேலை. அங்கேதான் ஒன்று தெரிந்துகொண்டாள். திரும்பி வருகிற பத்துச் சாமானில் ஏழு நல்ல சாமான். 'சோறு வேகவில்லை' என்று எழுதி ஒருவர் அனுப்பிய குக்கரின் பானை அடியில், கடையில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. குக்கர் பாவம், என்ன செய்யும்?

பிறகு சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய்க் கணினி திருத்தப் படித்தாள். வின்சன்றின் கடையில் சேர்ந்தும் இரண்டு வருடம் முன் கவுண்டரில் கைபேசி உறை விற்றாள். பின்பக்க மேசைக்காரன் வேலையை விட்டுப் போனபோது, யாரும் கேட்காமலே போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். வின்சன்ற் அவளைவிடப் பத்து வயது இளையவன். அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் கடை அவனுடையது.

இந்த நிலையில்தான் கோபிகாவின் கணினிப் பெட்டி வந்தது. கோபிகா பிக்கரிங்கில் வீட்டிலிருந்தபடியே, சமையலறை அலுமாரிகளுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுப்பவள். அதற்கு, படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் காட் என்ற அட்டை நல்லதாக வேண்டும். காட் இருந்தது. ஆனால் அந்த அட்டையைக் கணினிக்குப் புரியவைக்கிற டிறைவர் என்ற மென்பொருள் ஏற்றிய மறுநாளே காணாமல் போய்விடும். காலையில் திரையைப் போட்டால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் நிற்கும், படம் வரையும் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

பரிமளம் பழைய டிறைவரை வேரோடு கழற்றினாள், புதியதை ஏற்றினாள், பத்துத் தடவை அணைத்துப் போட்டாள். மூன்று நாள் தன் மேசையிலேயே வைத்துப் பார்த்தாள். பெட்டி தங்கமாக வேலை செய்தது. பிக்கரிங் போன மறுநாள் டிறைவர் போய்விட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை.

"அக்கா, காட் பழுது. புதுசு ஒண்டு போடச் சொல்லுங்கோ" என்றான் வின்சன்ற்.

"காட் நல்ல காட். என்ர மேசையில வைச்சு நல்ல சாமானுக்குச் சாவு எழுதமாட்டன்."

வின்சன்றுக்கு முகம் சிவந்தது. முன் கவுண்டரில் நின்ற பிரசாந் கைபேசி உறைகளை அடுக்குவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப ஏன் திரும்பித் திரும்பி வருது? இன்னொருக்கா இந்தப் பெட்டி இந்தக் கடைக்குள்ள வந்தா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ. மேசையைப் பிரசாந் பார்க்கட்டும்."

பரிமளம் பெட்டியின் மூடியைத் திரும்பப் பூட்டினாள். மறுபடி கைபேசி உறையா? 'அன்ரி, வேற கலர் இருக்கோ' என்று கேட்கிறவர்களுக்கு முன்னால் நிற்கிறதா? அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவள் ஒரு வேலை செய்தாள். எந்தக் கணினியும் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். எப்போது எழும்பியது, எப்போது படுத்தது, எப்போது விழுந்தது எல்லாம் அதில் பதிவாகும். பரிமளம் அதை வரிவரியாகப் படித்தாள். பெட்டி கோபிகா வீட்டில் இருந்த நாட்களில், திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் பின்னேரம் மூன்று மணியை ஒட்டி ஒரே வரி: எதிர்பாராமல் நின்றது. சனி ஞாயிறில் அந்த வரி இல்லை. உடனே கோபிகாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, வீட்டில கரண்ட் நிக்கிறதோ?"

"இல்லை அன்ரி."

"பெட்டியை முறையா அணைக்கிறனீங்களோ?"

"I always shut down properly, அன்ரி. நான் என்ன சின்னப் பிள்ளையோ?" கோபிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

பொய் சொல்கிற குரல் அல்ல அது. ஆனால் நாட்குறிப்பும் பொய் சொல்லாது. இரண்டு உண்மைக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பரிமளம் முடிவு செய்தாள். அது கடையில் இல்லை, பிக்கரிங்கில் இருக்கிறது.

திங்கட்கிழமை பெட்டி வீட்டுக்குப் போனது. செவ்வாய் காலையில் கோபிகா அழாத குறையாகக் கூப்பிட்டாள். "டிறைவர் திரும்பவும் போயிட்டுது அன்ரி. கொண்டு வரட்டோ?"

"வேண்டாம் வேண்டாம், கொண்டு வராதேங்கோ. நாளைக்கு எனக்கு லீவு. நான் அங்க வாறன்."

பெட்டி கடைக்குள் வந்தால்தானே வின்சன்ற் பேசுவான்! மறுநாள் பதினொரு மணி ரெயினில் ஏறி, ஒரு சின்ன யுஎஸ்பியும் ஸ்குரூ டிறைவரும் கைப்பையில் போட்டுக்கொண்டு பிக்கரிங்கில் போய் இறங்கினாள்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் நேரே வேலை. டிறைவரை ஏற்றினாள், திரை பளிச்சென்று வந்தது. கோபிகா தன் அலுமாரிப் படங்களை வரையத் தொடங்கினாள். பரிமளம் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணியும் ரோல்ஸுமாகப் பூனை எலிக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி, இரண்டு மணி. ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கோபிகா எழுந்தாள். மகள் தக்ஷிகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் ஏற்றி வர வேண்டும். புரோகிராமை மூடினாள், அணைக்கிற பொத்தானை அழுத்தினாள், எந்தப் பிழையும் இல்லை. பிறகு பழக்கத்தில் திரையின் சுவிச்சையும் தட்டிவிட்டு ஜக்கெற்றை எடுக்கப் போனாள். திரை கறுத்துவிட்டது. பார்க்கிறவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் பரிமளம் திரையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். அதன் சின்ன நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கோபிகாவின் கணவன் பிரதாபன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். தினமும் கோபிகாவோடு காரில் போய் மகளை ஏற்றி, இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே பின்னேர வேலைக்குப் போகிறவன். "வாங்கோ அன்ரி" என்று சிரித்துக்கொண்டே மேசைக்குக் கீழே காலை நீட்டி, எல்லா வயர்களும் சொருகியிருந்த பவர் பாரின் சுவிச்சைப் பெருவிரலால் அழுத்தினான். டக். நீல வெளிச்சம் செத்தது. அவன் அதோடு நிற்காமல் குசினிக்குப் போய், பாண் வாட்டுகிற ரோஸ்ரரின் வயரையும் கழற்றினான்.

பரிமளம் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "தம்பி, இப்பிடி ஒவ்வொரு நாளும் செய்யிறனீங்களோ?"

"ஓம் அன்ரி, வெளியில போகேக்க எல்லாம் ஓஃப். முந்தி இருந்த பேஸ்மென்ற் வீட்டில பவர் பார் ஒண்டு உருகிச் சுவர் கருகினது. அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் போட்டபடி விடுறேல்லை." அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். சொல்லட்டும், கவனமான மனிசன்.

"நல்ல பழக்கம். ஆனா இந்தப் பெட்டி இன்னும் வேலை முடிக்கேல்லை. அடுப்பால இறக்கின கையோட பிரஷர் குக்கரைத் திறப்பமே? உதுவும் அப்பிடித்தான்."

அவள் பவர் பாரைப் போட்டு, பெட்டியை எழுப்பி, திரையையும் போட்டாள். மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். மாற்றங்களை முடிக்க முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறேன், அணைக்க வேண்டாம் என்று பெட்டி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. இணையத்திலிருந்து இறங்கிய, கணினியைப் புதுப்பிக்கிற பெரிய அப்டேற் ஒன்று அணைக்கும் நேரத்தில் தன்னைப் பொருத்தப் பார்க்கிறது. பாதியில் கரண்ட் போகிறது. மறுபடி போடும்போது பெட்டி பயந்துபோய்ப் பழையபடி மாறிக்கொள்கிறது, புதிய டிறைவரையும் தூக்கி எறிந்துவிட்டு. சனி ஞாயிறில் கோபிகா பெட்டியைத் தொடுவதில்லை. அதுதான் நாட்குறிப்பில் அந்த இரண்டு நாளும் வெறுமை.

"Oh my God, பிரதாப்!" என்றாள் கோபிகா. அவன் தன் கால் விரலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

கோபிகா பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்த நேரத்துக்குள் பரிமளம் டிறைவரை மறுபடி ஏற்றி, அப்டேற்றையும் இறக்கி, அணைக்கக் கொடுத்திருந்தாள். பிரதாபன் கோபிகாவோடு போகாமல், வேலைக்குப் பிந்தும் என்று சொல்லிவிட்டுப் பரிமளத்தோடு நின்றான். பதினொரு நிமிடம் எடுத்தது. நீல வெளிச்சம் தானாக அணைந்த பிறகுதான் பரிமளம் தலையசைத்தாள். அவன் பவர் பாரை அணைத்து, மறுபடி போட்டு, பெட்டியை எழுப்பினான். திரை பளிச்சென்று வந்தது. தக்ஷிகா ஒன்றும் புரியாமலே கை தட்டினாள். பரிமளத்துக்கு அந்தக் கைதட்டு போதுமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் தட்டினாலும் அவள் வேண்டாமென்றிருக்கமாட்டாள்.

ஒரு வாரம் போனது. டிறைவர் அசையவில்லை. வின்சன்ற் பின்பக்கம் வந்து, திருத்த வேலைச் சீட்டை அவள் முன் வைத்தான்.

"கெட்டிக்காரி அக்கா நீங்கள். மேசை உங்களுக்குத்தான். வாடிக்கையாளர் பிழை எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

எழுதிவிட்டால் முடிந்தது. கடைக்கும் மரியாதை, அவளுக்கும் மேசை. பரிமளம் பேனையை எடுத்தாள், எழுதாமல் வைத்தாள்.

"பாதிப் பிழை எங்கட, வின்சன்ற்."

"என்ன?"

"வைரஸ் வரும் எண்டு நீங்கள் ஒரு பெட்டியையும் இங்க இன்ரநெற்றில விடுறேல்லை. விட்டிருந்தா அந்த அப்டேற் என்ர மேசையிலயே இறங்கி முடிஞ்சிருக்கும். அந்தப் பிள்ளை இன்னும் ரெண்டு தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைஞ்சிருக்க மாட்டா. உங்கட சட்டம் பிழை எண்டு தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை. அது என்ர பிழை."

முன் கவுண்டரில் பிரசாந் அடுக்குவதை நிறுத்திவிட்டான். கடை தொடங்கிய நாளிலிருந்து உள்ள சட்டம் அது. அதைப் பிழை என்று யாரும் வின்சன்றின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இந்த வாயால் மேசை போகப்போகிறது என்று பரிமளத்துக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் நடந்ததை நடந்தபடியே சீட்டில் எழுதினாள், கடையின் பங்கையும் சேர்த்து. கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

வின்சன்ற் சீட்டை எடுத்து இரண்டு தரம் வாசித்தான். பிறகு முன்பக்கம் போனான். திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு நீள இன்ரநெற் வயர் இருந்தது. மறு நுனியைக் கவுண்டருக்குப் பின்னால் சொருகியிருந்தான். சுவரோரமாக இழுத்துக்கொண்டு வந்தவன் மேசைக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டான்.

"வயர் கட்டையாக் கிடக்கு அக்கா, எட்டாது. மேசையைக் கொஞ்சம் இங்கால இழுப்பமோ?"

"இழுப்பம்" என்று எழுந்தாள் பரிமளம். "ஆனா மெல்லமா. என்ர மேசை."